கொக்கியில்லாத இணைப்பு

மரீட்டா ஊலிக் அந்தத் திட்டத்தை முதன்முதலில் எதிர்த்துப் பேசியது கெம்னிட்ஸ் நகரில், ரயில் ஓட்டுநர் சங்கக் கூட்டத்தில். மேடையில் ஒருவர் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு ரயிலுக்குப் பின்னால் இன்னொரு ரயில், நடுவில் கொக்கியோ கம்பியோ எதுவும் கிடையாது. வானொலி அலையில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே ஓடும். முன்வண்டி வேகம் கூட்டினால் பின்வண்டியும் கூட்டும், அது குறைத்தால் இதுவும் குறைக்கும். இப்படி நெருக்கி ஓட்டினால் இருக்கிற தண்டவாளத்திலேயே இரண்டு மடங்கு ரயில் விடலாம், புதுப்பாதை போட மலையைக் குடைய வேண்டியதில்லை என்றார் அவர்.

மரீட்டா எழுந்து நின்றாள்.

"முன்னாடி போற வண்டியோட பின்விளக்கைப் பார்த்துக்கிட்டே ஓட்டுறதுக்கு எங்க ஊர்ல வேற பேரு இருக்கு. மறுநாள் பேப்பர்ல வரும்."

கூடம் முழுக்கச் சிரித்தது. கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. மேடையிலிருந்தவரும் சிரித்து வைத்தார், ஆனால் அதன் பிறகு அவர் பேச்சு எடுபடவில்லை.

அவள் வாய்க்குப் பயந்தவர்கள் சங்கத்தில் நிறையப் பேர். ஆளும் வாட்டசாட்டம், குரலும் அப்படி. மலைப்பாதையில் வண்டி ஓட்டத் தொடங்கி அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவும் அவளுக்கு அத்துப்படி. அதனால் அடுத்த வாரம் டிரெஸ்டனிலிருந்து தெக்லா நெஸ்ட்லர் என்ற பெண் போன் செய்து, அந்தத் திட்டத்தின் பொறியாளர் பேசுகிறேன் என்றதும், சண்டைக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று மரீட்டா தயாராகிவிட்டாள். அந்தப் பெண்ணோ, சோதனை ஓட்டத்தில் பின்வண்டியை ஓட்ட வர முடியுமா என்று கேட்டாள்.

வாயை அடைக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்த மரீட்டா, அதை அப்படியே கேட்டும்விட்டாள். தெக்லாவிடமிருந்து நேராகப் பதில் வந்தது.

"கைதட்டுறதுக்கு எங்ககிட்ட நிறைய பேர் இருக்காங்க. இது தப்பாப் போகும்னு நம்புற ஆளு பின்வண்டியில உட்காரணும். அவங்கதான் தூங்க மாட்டாங்க."

மரீட்டாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பிடித்திருந்ததை ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, அன்று மாலையே கூப்பிட்டுச் சரி என்றாள்.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது அவள் தினமும் ஓட்டிய பாதைதான். ரோட்டன்பாக்கிலிருந்து மலை ஏறும் அந்தப் பாதை ஒற்றைத் தடம். கீழேயிருந்து ஒரு வண்டி கிளம்பினால், அது மேலே ஷ்டைன்மூலே சந்திப்பைத் தாண்டும்வரை இன்னொன்று உள்ளே நுழைய முடியாது. சந்திப்பில் பாதை பிரியும். வலப்பக்கம் ஹிம்மல்பெர்க், இடப்பக்கம் க்ரூண்டாவ். இரண்டு ஊருக்கும் தனித்தனி வண்டி என்பதால் ஒன்று ஏறி முடிக்கும்வரை மற்றது கீழே காத்துக் கிடக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறுகளில் கூட்டம் பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லாமல் படிக்கட்டு வரை வழியும். இரண்டையும் கொக்கி மாட்டி ஒன்றாக ஏற்றி, மேலே போய்க் கழற்றிவிடலாமே என்றால், ஹிம்மல்பெர்க் வண்டி பழைய சிவப்பு டீசல், க்ரூண்டாவ் வண்டி வேறொரு கம்பெனியின் புதுசு. ஒன்றின் கொக்கி மற்றதில் மாட்டாது.

ஆக, கண்ணுக்குத் தெரியாத கொக்கி ஒன்று அங்கே உண்மையிலேயே தேவைப்பட்டது. அதை மரீட்டாவும் மறுக்கவில்லை. முடியுமா என்பதுதான் அவள் கேள்வி. தெக்லாவின் கேள்வியும் அதுவேதான் என்பது அவளுக்குப் போகப் போகத்தான் தெரிந்தது.

தெக்லா நாற்பதைத் தொட்டவள், ஒல்லி, எந்நேரமும் கம்பளிக் குல்லாயோடு திரிவாள். பேச்சு படபடவென்று வரும், திடீரென்று நின்றுவிடும். அப்படி நின்றால் எதையோ கணக்குப் போடுகிறாள் என்று அர்த்தம். முதல்நாள் காபியை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே அவள் விளக்கினாள். வழக்கமாக ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் இடையில், முன்வண்டி திடீரென்று பாறைபோல நின்றுவிட்டாலும் பின்வண்டி முட்டாமல் நிற்கும் அளவு தூரம் விடுகிறோம். ஆனால் எந்த வண்டியும் பாறைபோல நிற்பதில்லை, அதுவும் உருண்டு உருண்டுதான் நிற்கிறது. அது பிரேக் போடும் அந்தக் கணமே பின்வண்டிக்கும் தெரிந்துவிட்டால், இரண்டும் சேர்ந்தே வேகம் இழக்கும். அப்போது நடுவில் அவ்வளவு தூரம் எதற்கு? நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வது இதைத்தான் என்றாள்.

"கார்க்காரங்க முட்டிக்கிறாங்களே," என்றாள் மரீட்டா.

"ஆமா. அதுக்குத்தான் நீங்க."

முன்வண்டியான பழைய சிவப்பு டீசலை ஃபால்க் ஹுங்கர் ஓட்டினான். மரீட்டாவோடு ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவன், எதற்கெடுத்தாலும் கிண்டல். தன் பின்கண்ணாடியில் 'தள்ளி வாங்க' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தான். அதிகாரிகள் கிழிக்கச் சொன்னார்கள். அறிவியல் சோதனைக்கு அது அவசியம் என்று தெக்லா சொல்லிவிட்டதால் அப்படியே இருந்தது.

முதல் ஓட்டத்தில் இரண்டு வண்டிகளும் நல்ல தூரம் விட்டுக் கிளம்பின. மரீட்டாவின் கைகள் மடியில் இருந்தன. வண்டி தானாகவே வேகத்தைச் சரிசெய்துகொண்டது. தெக்லா அவளுக்குப் பின்னால் கேபினில் நின்றுகொண்டிருந்தாள். ஆபத்து என்றால் முதலில் நசுங்கும் இடம் அதுதான், ஆனாலும் சோதனை நடந்த எல்லா நாளும் அவள் அங்கேதான் நின்றாள். தூரம் குறையக் குறைய முன்வண்டியின் சிவப்பு விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. ஃபால்க் எழுதி ஒட்டியதைப் படிக்க முடிகிற தூரம் வந்தபோது மரீட்டாவின் கை தன்னால் நீண்டு எமர்ஜென்சி பிரேக்கை அழுத்திவிட்டது.

சோதனை கெட்டது. திட்டத் தலைவர் ஃபோல்க்மார் ரீடல், சங்கக் கூட்டத்தில் மேடையில் படம் காட்டியவர்தான், கீழே நிலையத்தில் விருந்தினர் இருவரோடு காத்திருந்தார். வண்டிகள் திரும்பி வந்ததும் அவருடைய முகம் சுருங்கிவிட்டது. இந்த அம்மாவை மாற்றிவிடலாமே என்று அவர் தெக்லாவிடம் சொன்னது மரீட்டாவின் காதில் விழுந்தது. தெக்லா நேராக மரீட்டாவின் பக்கம் வந்து உட்கார்ந்து, எதைப் பார்த்து அழுத்தினீர்கள் என்று கேட்டாள்.

மரீட்டா முதலில் மழுப்பினாள். பிறகு சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் மூடுபனியில் அவளுக்கு யாரோ தவறாகப் பச்சை விளக்கு போட்டுவிட்டார்கள். போய்க்கொண்டிருந்தபோது ஒரு சரக்கு வண்டியின் பின்விளக்கு பனிக்குள்ளிருந்து முளைத்தது. நின்றுவிட்டாள், முட்டவில்லை. ஆனால் அந்தச் சிவப்பு இன்றும் அவள் வயிற்றுக்குள் இருக்கிறது. "என் மூளை அழுத்தலைங்க. வயிறு அழுத்துச்சு."

தெக்லா எதையோ கணக்குப் போடத் தொடங்கினாள். பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மரீட்டாவின் கேபினில் ஒரு சின்னத் திரை வந்திருந்தது. முன்வண்டியில் ஃபால்க் பிரேக் கைப்பிடியைத் தொட்டால், அவன் வண்டி வேகம் குறைவதற்கு முன்பே இதில் தெரியும். அதோடு ஃபால்க்கின் குரலும் கேட்கும்படி செய்திருந்தாள். விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் பயம் வரும், முன்னால் இருப்பவன் என்ன செய்கிறான் என்று தெரிந்தால் வராது என்றாள். ஓட்டுநரின் வயிற்றையும் ஒரு கருவியாக மதித்து அதற்கென்று ஒரு பதில் செய்து கொண்டுவந்த பொறியாளரை மரீட்டா அதுவரை பார்த்ததில்லை.

அதற்கப்புறம் அவள் கை மடியைவிட்டு நகரவில்லை. ஒரு வாரத்தில் பயம் போய் வியப்பு வந்தது. இரண்டு வண்டிகளும் ஒரே ஆளின் இரண்டு கால்கள்போல வளைவுகளில் ஏறின. ஃபால்க் ஏற்றத்தில் எஞ்சினை உறுமவிட்டால் அவளுடையது அந்த நொடியே முதுகு நிமிர்த்தும். அவன் இறக்கத்தில் தளர்ந்தால் இதுவும் தளரும். எத்தனையோ வருடம் ஓட்டியும் அவ்வளவு வழுவழுப்பாகத் தன்னால் ஒரு வண்டியின் பின்னால் போயிருக்க முடியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. வீட்டில்கூட அதை அவள் சொல்லவில்லை. சங்கத்தில் கேட்டவர்களிடம், "பார்ப்போம்," என்று மட்டும் சொன்னாள்.

இலையுதிர்காலம் முற்றிவிட்டது. பீச் மரங்கள் பாதையின் மீது இலைகளைக் கொட்டின. தூறலில் நனைந்து சக்கரத்தில் நசுங்கிய இலை தண்டவாளத்தில் சோப்பு தடவியதுபோல ஆகிவிடும் என்பது அந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ரீடல் சோதனையை முடித்துக்கொள்ளலாம் என்றார். காய்ந்த நாட்களின் கணக்கே அமைச்சகத்துக்குப் போதும், மோசமான நாளை வசந்தத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய எண்ணம். தெக்லாவோ அந்த மோசமான நாளுக்காகவே காத்திருந்தாள். தினமும் காலையில் வானிலையைப் பார்த்து முகம் வாடினாள். கடைசியில் ஒரு நாள் இலையும் தூறலும் சேர்ந்து வந்தபோது, கல்யாணத்துக்குக் கிளம்புகிறவளைப்போல வந்து நின்றாள்.

அன்று அவள் இன்னொன்றும் செய்தாள். இரண்டு வண்டிகளிலும் சக்கரப் பிரேக்கைத் தவிரத் தண்டவாளத்தையே கவ்விப் பிடிக்கும் காந்தப் பிரேக்கும் உண்டு. மரீட்டாவின் வண்டியில் மட்டும் அதை அணைத்து வைக்கச் சொன்னாள். என்றைக்காவது ஒருநாள் அது பழுதாகத்தானே போகிறது, அந்த நாளில் என்ன நடக்கும் என்று இன்றைக்கே பார்த்துவிடலாம் என்றாள். கணக்குப்படி அப்போதும் வண்டி போதிய தூரத்தில் நிற்க வேண்டும். ஃபால்க் எங்கே வேண்டுமானாலும், யாரிடமும் சொல்லாமல், முழுப் பிரேக்கை அழுத்தலாம் என்பது ஏற்பாடு.

காட்டின் நடுவே, இறக்கத்தில், அவன் அழுத்தினான். திரையில் சிவப்பு தெரிந்த அதே கணத்தில் மரீட்டாவின் வண்டியும் பிரேக்கைப் பிடித்தது. பிடித்தது, ஆனால் நிற்கவில்லை. சக்கரங்கள் வழுக்கின. ஃபால்க்கின் வண்டி காந்தப் பிடியில் முனகிக்கொண்டு நிற்க, இவளுடையது பனிச்சறுக்கில் இறங்கியதுபோல அதை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. செய்வதற்கு அவளிடம் எதுவும் மிச்சமில்லை. பிடிப்புக்காகச் சக்கரங்களுக்கு முன்னால் மணல் கொட்டிக்கொண்டிருந்தது, பிரேக் முழுசாக இருந்தது. பின்னால் நின்ற தெக்லா அவள் இருக்கையின் விளிம்பைப் பிடித்திருந்ததை மட்டும் அவள் உணர்ந்தாள். தெக்லா ஓடிப்போகவும் இல்லை, கத்தவும் இல்லை.

வண்டி நின்றது. இரண்டு கொக்கிகளுக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைந்து போகலாம், அவ்வளவுதான். முன்வண்டியின் பின் ஜன்னலில் ஃபால்க்கின் முகம் தோன்றியது, நிறமே இல்லாமல். அவன் ஜன்னலை இறக்கினான்.

"மரீட்டா, உப்பு கடன் கேக்க வந்தியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தெக்லா ஏற்கெனவே கீழே குதித்துவிட்டாள். நடுவிலிருந்த இடைவெளியைத் தானே அளந்தாள், தண்டவாளத்தை விரலால் தடவிக் கறுப்புப் பசையை முகர்ந்து பார்த்தாள், பிறகு சரளைக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். குல்லாயைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

ரீடல் காரில் வந்து சேர்ந்தார். இடைவெளியைப் பார்த்து அவருக்கும் வியர்த்தது. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் சமாளித்துக்கொண்டு, என்ன இருந்தாலும் முட்டவில்லையே, இதுவும் வெற்றிதானே என்றார்.

தெக்லா எழுந்தாள். "நின்னுச்சு. ஆனா நாம நிறுத்தல. இன்னும் நாலு இலை விழுந்திருந்தா முட்டியிருக்கும். எனக்கு இது தோல்விங்க, ரீடல். அப்படியே சொல்லப்போறேன்."

வசந்தம் வரை பொறுத்துச் சொல்லலாமே என்று அவர் கெஞ்சாத குறையாகக் கேட்டார். இரண்டு மடங்கு ரயில் என்று அமைச்சகத்தில் வாக்குக் கொடுத்தவர் அவர். அவள் அசையவில்லை. அந்த வாரமே டிரெஸ்டனுக்குப் போய், பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கணக்கு எங்கே தவறியது, இரண்டு மடங்கு என்ற பேச்சு ஏன் நடக்காது, அதிவேக ரயிலுக்கு இதை இப்போது யோசிக்கவே கூடாது என்று அத்தனையும். திட்டம் பாதியாகச் சுருங்கியது. அவளுக்குக் கீழே இருந்தவர்களில் பலரை வேறு வேலைக்கு அனுப்பினார்கள். வேலையைத் தொடர அவளுக்கு அந்தக் குளிர்காலம் மட்டும் அவகாசம் விட்டார்கள்.

சங்கத்தில் செய்தி பரவியது. மரீட்டாவைக் கூப்பிட்டு, நீ சொன்னது பலித்துவிட்டது, வந்து கூட்டத்தில் பேசு, ஒரேயடியாகக் குழி தோண்டிப் புதைத்துவிடலாம் என்றார்கள். அவள் போனாள். அவர்கள் எதிர்பார்த்ததுதான் தொண்டை வரை வந்தது. வெளியே வந்ததோ வேறு.

"அந்த வண்டியில நான் இருந்தேன். அந்தம்மாவும் என் பின்னாடிதான் நின்னுச்சு. கீழ இறங்கினதும் அதே வாயால தோல்வின்னு சொல்லிச்சு. நம்ம சர்வீஸ்ல எத்தனை பேர் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கோம்? இதை யாராவது செய்யணும்னா அவங்கதான் செய்யணும். குழியெல்லாம் அப்புறம் தோண்டலாம்."

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. முணுமுணுப்போடு கூட்டம் கலைந்தது.

இதைத் தெக்லாவுக்குச் சொன்னது ஃபால்க்தான். மறுநாள் ரோட்டன்பாக் நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில் மூவரும் உருளைக்கிழங்கு சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தெக்லா திடீரென்று கரண்டியை வைத்துவிட்டு மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டினாள். "நான் தெக்லா. இனிமே நீங்க வாங்க எல்லாம் வேண்டாமே." மரீட்டா கையைத் துடைத்துக்கொண்டு குலுக்கினாள். அந்த ஊர் வழக்கப்படி இந்த மாதிரி விஷயத்தில் வயதில் பெரியவள்தான் முதலில் கேட்க வேண்டும், தான் முந்திக்கொண்டிருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு வருத்தம். "சரி, தெக்லா. சூப் ஆறுது, சாப்பிடு," என்றாள்.

அந்தக் குளிர்காலத்தில் தெக்லா வேலை செய்ததை மரீட்டா பிற்பாடு யாரிடம் சொன்னாலும் மூச்சு விடாமல்தான் சொல்வாள். தோல்வியடைந்த ஓட்டத்தின் பதிவுகளை எடுத்துவைத்துக்கொண்டு நாள்கணக்காக அவள் பார்த்தாள். ஒருநாள் மரீட்டாவையும் ஃபால்க்கையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். தான் செய்த தப்பு, இடைவெளியை ஒரே அளவு என்று நினைத்ததுதான் என்றாள். தண்டவாளம் எப்படி இருக்கிறது என்று முன்வண்டியின் சக்கரங்களுக்குத்தான் முதலில் தெரிகிறது. அவை இம்மியளவு வழுக்கினாலும் அந்தச் சேதி பின்வண்டிக்குப் போகட்டும், பின்வண்டி உடனே தள்ளிக்கொள்ளட்டும். காய்ந்த இடத்தில் நெருங்கட்டும், ஈரத்தில் விலகட்டும். ருசி பார்க்கிற வேலை முன்வண்டிக்கு.

இன்னொன்றும் சொன்னாள். நிலையத்தில் நிற்பதற்கோ வளைவில் வேகம் குறைப்பதற்கோ முன்வண்டி தன் முழுப் பலத்தைக் காட்ட வேண்டியதில்லை. பின்னால் வருகிற வண்டியால் எவ்வளவு பிடிக்க முடியுமோ அவ்வளவே இதுவும் பிடிக்கட்டும். எதிரே உண்மையான ஆபத்து என்றால் மட்டும் முழுசாகப் பிடிக்கட்டும், அதற்கும் போதுமான இடைவெளி எப்போதும் நடுவில் இருக்கட்டும்.

"அதாவது, நான் வீரனா இருந்தாலும் மரீட்டாவுக்கேத்த மாதிரி நடக்கணும்," என்றான் ஃபால்க்.

"ஆமா," என்றாள் தெக்லா. "அதான் சேர்ந்து போறது."

சந்திப்பில் வேறொரு சிக்கல். முன்வண்டி வலப்பக்கம் திரும்பியதும் பாதையை இடப்பக்கம் மாற்றிப் பூட்ட வேண்டும். அதற்கு நேரம் வேண்டும் என்பதால், சந்திப்பு வருவதற்கு முன்பே பின்வண்டி தானாகப் பின்வாங்கி இடம் விட வேண்டும். நெருங்கிப் போய்ச் சம்பாதித்ததில் ஒரு பங்கு அங்கே போய்விடும். தெக்லா அதையும் மறைக்கவில்லை. இரண்டு மடங்கெல்லாம் இல்லை, கீழே காத்துக் கிடக்கிற வண்டி காத்துக் கிடக்காது, அவ்வளவுதான் கிடைக்கும் என்றாள். அந்த மலைக்கு அது போதும்.

மழையிலும் பனியிலும் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பிரேக்கை அணைத்தாள், ஏதோ ஒரு சேதியை நடுவில் அறுத்தாள். சேதி அறுந்தால் பின்வண்டி யாரையும் கேட்காமல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு விலகியது. எந்த முறையும் நடுவில் நல்ல இடைவெளி மிச்சமிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய கடைசி ஞாயிறன்று பயணிகளோடு ஒரே ஒரு ஓட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. அதற்காகப் பாதுகாப்பு ஆணையத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து வாதாடி, தன் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டவர் ரீடல். மரீட்டா அவரைப் பற்றி நினைத்திருந்ததைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்த ஞாயிறு மதியம் நல்ல பனி. இரண்டு ஊரிலும் கிறிஸ்துமஸையொட்டி வழக்கமாக நடக்கும் சுரங்கத் தொழிலாளர் ஊர்வலம். மரீட்டாவின் வண்டியில் க்ரூண்டாவுக்குப் போகிற ஒரு பித்தளை வாத்தியக் குழு முழுசாக ஏறியிருந்தது. கறுப்புச் சீருடை, வெள்ளைக் கால்சட்டை, இறகு வைத்த தொப்பி. பெரிய குழல்கள் வாசலை அடைத்துக்கொண்டதால் கதவு மூடவே நேரமாயிற்று. ஆணையத்தின் அதிகாரி ஃபால்க்கின் வண்டியில். தெக்லா வழக்கம்போல மரீட்டாவின் பின்னால்.

பாதி மலை ஏறியதும் ஃபால்க்கின் குரல், "மரம்," என்றது. அவ்வளவுதான். பனிப் பாரம் தாங்காமல் ஒரு பெரிய ஊசியிலை மரக்கிளை அவன் கண்ணெதிரே தண்டவாளத்தின் மேல் முறிந்து விழுந்திருந்தது. அவன் முழுப் பலத்தோடு பிடித்தான். அவன் சொல்லி முடிப்பதற்குள் மரீட்டாவின் வண்டியும் பிடித்துவிட்டது. பின்னால் பெட்டியில் யாருடைய முரசோ உருண்டது, யாரோ சூடான ஒயினைச் சட்டையில் கொட்டிக்கொண்டு திட்டினார்கள். மரீட்டா திரையைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். வண்டி நடுங்கி நின்றது. முன்வண்டி அவ்வளவு தூரத்தில் நின்றிருந்தது. நடுவில் இன்னொரு வண்டியையே நிறுத்தலாம்.

மரீட்டா திரும்பிப் பார்த்தபோது தெக்லா குல்லாயால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாம நிறுத்தினோமா, அதிர்ஷ்டமா?" என்று மரீட்டா கேட்டாள்.

"நாமதான்."

கிளையை அகற்ற வாத்தியக் குழுவினரே இறங்கினார்கள். பெருங்குழல் வாசிக்கிற ஆள் மரம் வெட்டுகிறவராம். யார் எங்கே பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். இறகுத் தொப்பிகள் பனியில் ஆட, கிளை ஓரமாகப் போயிற்று. ஃபால்க் எல்லோருக்கும் வணக்கம் வைத்துவிட்டு ஏறிக்கொண்டான். கட்டுப்பாட்டு அறையும் ஆணைய அதிகாரியும் தொடரலாம் என்று சொன்னதும், இரண்டு வண்டிகளும் ஒரு சேரப் புறப்பட்டன.

சந்திப்பு நெருங்கியது. சொல்லிவைத்தாற்போல மரீட்டாவின் வண்டி மெதுவாகப் பின்வாங்கி இடம் விட்டது. சிவப்பு டீசல் வலப்பக்கம் சாய்ந்து ஹிம்மல்பெர்க் பாதையில் நுழைந்தது. அதன் கடைசிச் சக்கரம் தாண்டியதும் பாதையை மாற்றும் தண்டவாள நாக்குகள் பனியைத் தள்ளிக்கொண்டு இடப்பக்கம் நகர்ந்தன, பூட்டின. மரீட்டாவுக்கு முன்னால் சிக்னல் பச்சையானது. நிற்காமல், வேகமும் அதிகம் குறையாமல், அவள் இடப்பக்கம் போனாள். மரங்களுக்கு இடையில் ஃபால்க்கின் வண்டி கொஞ்ச தூரம் பக்கத்திலேயே தெரிந்தது, பிறகு மலை மறைத்துக்கொண்டது. கொக்கி மாட்டாமல் சேர்ந்து வந்த இரண்டு வண்டிகள், கழற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் பிரிந்துவிட்டன. இத்தனை வருட வேலையில் மரீட்டா பார்த்த அழகான காட்சி எது என்று கேட்டால், வேறெதையும் அவள் யோசிக்க மாட்டாள்.

க்ரூண்டாவில் வண்டி கொஞ்சம் தாமதமாகத்தான் சேர்ந்தது. பெருங்குழல்காரர் இறங்கும்போது கேபின் பக்கம் வந்து, கிளை விழுந்தது யார் தப்பும் இல்லை, ஆனால் அதற்கு முன்பே கதவு மூட இவ்வளவு நேரம் ஆக்கினால் எப்படி, ரயில்வேக்காரர்களுக்கு எப்போதும் ஒரு சாக்கு என்று குறைபட்டுக்கொண்டார். மரீட்டா மன்னிப்புக் கேட்டாள். ரயில் வந்த விதத்தில் எதுவும் வித்தியாசமாக இருந்ததா என்று தெக்லா ஆவலை அடக்க முடியாமல் அவரிடம் கேட்டாள். குலுக்கல் கொஞ்சம் அதிகம், மற்றபடி எப்போதும்போலத்தான் என்றார் அவர். அதைக் கேட்டு அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

அடுத்த ஆண்டிலிருந்து அந்த மலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு வண்டிகளும் சேர்ந்தே ஏறத் தொடங்கின. தெக்லாவின் அறிக்கை எங்கே இது நடக்கும், எங்கே நடக்காது என்று இரண்டையும் பட்டவர்த்தனமாகச் சொன்னது. நடக்காத இடங்களின் பகுதிதான் நீளம். அதைப் படித்துத்தான் மற்ற ஊர்க்காரர்கள் அவளை நம்பினார்கள் என்று ரீடலே பிற்பாடு ஒத்துக்கொண்டார். சங்கத்தில் மரீட்டா ஒரே ஒரு நிபந்தனையோடு ஆதரித்துப் பேசினாள். ஈரநாள் இடைவெளியை அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு யாரும் குறைக்கக் கூடாது. அதை விதியாகவே எழுதிக்கொண்டார்கள்.

எல்லைக்கு அப்பால் செக் நாட்டில் இதைவிடச் செங்குத்தான ஒரு பாதையிலிருந்து அழைப்பு வந்தபோது, தெக்லா முதலில் கூப்பிட்டது மரீட்டாவைத்தான். இந்தத் தடவை தனக்கு முன்வண்டி வேண்டும் என்றாள் மரீட்டா.

"முன்வண்டிய யாரு வேணா ஓட்டலாம்," என்றாள் தெக்லா. "பின்னாடிதான் எனக்கு ஆள் வேணும்."

மரீட்டா கொஞ்சம் முறுக்கிக்கொண்டாள். ஃபால்க்குக்கு இதைச் சொல்லக் கூடாது, சொன்னால் வருடம் முழுக்க ஓட்டித் தள்ளிவிடுவான் என்று எச்சரித்தாள். பிறகு அந்தப் பாதையில் என்ன மரங்கள் இருக்கின்றன, எந்த மாதத்தில் இலை கொட்டும் என்று கேட்கத் தொடங்கினாள்.